இசோ எடுக்கச் சொன்ன முத்திரை

எங்கள் துறைமுகத்து ஊரில் எந்தப் பெரிய வீட்டுக்குள்ளும் பின்கட்டு வரைக்கும் கேள்வி கேட்பாரில்லாமல் போய்வரக் கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் வைத்தியர். இன்னொருத்தி முடி கட்டுகிற இசோ. வைத்தியராவது யாராவது படுத்தால்தான் வருவார். இசோவுக்கோ ஐந்து நாளைக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டிலும் வேலை. பின்னால் உட்கார்ந்து, காமெலியா எண்ணெய் தடவி, தலையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாளானால் பெண்கள் தாங்களாகவே பேச ஆரம்பித்துவிடுவார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? அப்படி ஊர்க்கதை பாதி அவள் வயிற்றுக்குள் கிடந்தது.

முடி கட்டுகிறவளின் புருஷன் என்றால் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தின்கிறவன் என்று அர்த்தம். இசோவுக்கும் அப்படி ஒருத்தன் வாய்த்தான். மூன்று வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு நாள் சூப்பில் உப்பு சரியில்லை என்று எழுந்து போனான், போனவன் போனவன்தான். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓடிப்போனவனே இன்னமும் குடும்பத் தலைவன் என்றும், அவன் கையெழுத்து இல்லாமல் கடைக்கு உரிமம் தர முடியாது என்றும் ஊராட்சி அலுவலகத்தில் சொன்னார்கள் பாருங்கள், அதுதான் அவள் உச்சந்தலையில் ஏறிவிட்டது. எட்டு முறை நடந்து, சத்தம் போட்டு, உரிமத்தை வாங்கினாள். அன்றைக்கு ஏறிய சூடு சாகிற வரை இறங்கவே இல்லை.

1925ஆம் வருஷம் ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு என்று சட்டம் வந்தது. பெண்களில் ஒருத்திக்கும் இல்லை.

"என் புருஷன் எந்த ஊர்ல எந்தத் தெருவுல கிடக்கிறானோ, அவனைத் தேடிக்கிட்டு ஓட்டு போகுதாம். வீட்டையும் கடையையும் கட்டிக்காக்கிற எனக்குக் கிடையாதாம்!" என்று ஒவ்வொரு தலையாகப் பிடித்துச் சொல்லிச் சிரிக்க வைத்தாள் இசோ. டோக்கியோவில் இருக்கும் பெண்கள் சங்கத்துக்கு எழுதிப் போட்டாள். அவர்கள் மனுத் தாள்களை அனுப்பிவைத்தார்கள். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டு, கீழே பெயர் எழுதி, வீட்டுப் பெயர் செதுக்கிய முத்திரையைக் குத்த வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எங்கள் வீடுகளில் முத்திரை பெண்களிடமா இருக்கிறது? அது ஆண்பிள்ளையின் இழுப்பறையில் இருக்கும். பெயரை எழுதிவிட்டு, "முத்திரை அவர்கிட்டல்ல இருக்கு இசோக்கா" என்று பெண்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒன்றரை மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியதில் ஒன்பது முத்திரை விழுந்தது. அதில் நான்கு விதவைகள், மூன்று மீன் சுமக்கிறவர்கள், ஒருத்தி சாராயக் கடைக்காரி. ஒன்பதாவது இசோவே.

அப்புறம்தான் குராஹாஷி வீடு வந்தது.

குராஹாஷி கின்பெய் மீன் மொத்த வியாபாரி, ஊர்ச்சபை உறுப்பினர். அவருடைய மனைவி மினேவுக்கு இருபத்து நான்கு வயது. அதிர்ந்து பேசத் தெரியாதவள். அவளுக்குப் பிடரியில் இரட்டைச் சுழி. எப்படி எண்ணெய் வைத்து இழுத்தாலும் அங்கே இரண்டு மயிர் கிளம்பி நிற்கும். அதை அடக்குவதற்காகவே இசோ அந்த வீட்டில் கூடுதலாக அரை மணி உட்காருவாள். அன்றைக்கு மினேவின் மடியில் இரண்டு வயது நோபு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இசோக்கா, ஓட்டு வந்தா குழந்தை யாருதுங்கிற சட்டத்தையும் மாத்துவாங்களா?"

"ஏன் சின்னம்மா கேக்குறீங்க?"

"குழந்தை வீட்டுக்குச் சொந்தம், பெத்தவளுக்கு இல்லைன்னு அத்தை அடிக்கடி சொல்றாங்க. சும்மா பேச்சுக்குத்தான் சொல்றாங்க. ஆனா சட்டமும் அதையேதான் சொல்லுதாமே."

"ஓட்டு நம்ம கைக்கு வரட்டும். அப்புறம் சட்டத்த மாத்தறவங்க யாரு, நாமதானே?" என்றாள் இசோ.

மினே குழந்தையை மெல்லப் பாயில் கிடத்திவிட்டு எழுந்தாள். கின்பெய் சந்தைக்குப் போயிருந்தார், மாமியார் கோயிலுக்கு. இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே இரண்டு முத்திரைகள். ஒன்று மரம், ஓரம் சிராய்த்தது, சாமான் வந்தால் ரசீதில் குத்துவதற்கு. இன்னொன்று பட்டுப் பையில் இருந்தது, யானைத் தந்தம். மினேவின் கை மர முத்திரையைத்தான் எடுத்தது.

"பட்டுப் பைல இருக்கறத எடுங்க சின்னம்மா," என்றாள் இசோ. "டோக்கியோ வரைக்கும் போற காகிதம். இந்த மொட்டைக் கட்டைய வச்சா நம்ம ஊரைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"இதை அவர் மட்டும்தான் தொடுவார்."

"ஒரு தடவை தொட்டா தேஞ்சா போயிடும்?"

மினே சிரித்தாள். பட்டுப் பையின் முடிச்சை அவிழ்த்தாள். சிவப்பு மையில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குராஹாஷி மினே என்று எழுதியிருந்த இடத்தின் கீழே அழுத்தினாள். பெரிய, வட்டமான, அழகான முத்திரை.

அது அலுவலகத்தில் பதிவு செய்த முத்திரை. நிலம் விற்க, வீட்டை எழுதிக் கொடுக்க, படகை அடகு வைக்க மட்டும் வெளியே வருவது. அது விழுந்தால் வீடே சம்மதித்ததாக அர்த்தம். சொத்துள்ள வீட்டில் பிறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் இசோ எப்போது நிலம் விற்றாள், எப்போது பத்திரம் எழுதினாள்? அவளுக்குத் தெரிந்தது மர முத்திரை ஒன்றுதான். மினேவோ பதினெட்டு வயதில் வாழ வந்தவள். அந்தப் பையை யாரும் அவள் கையில் கொடுத்ததே இல்லை.

தெரியாமல் செய்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இசோ அந்தத் தாளைத் தன் கடைச் சுவரில் ஒட்டினாள். "குராஹாஷி வீடே போட்டாச்சு, உங்களுக்கு என்னடி பயம்?" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். பலித்தது. பத்தே நாளில் நாற்பத்து மூன்று முத்திரை விழுந்தது. அந்தப் பத்து நாளும் அவள் கால் தரையில் பாவவில்லை. அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான பத்து நாள் அதுதான் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஊராட்சி அலுவலக குமாஸ்தாவின் மனைவி தொமே முடி கட்ட வந்தவள், முத்திரையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அவளுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அன்று சாயங்காலம் புருஷன் காதுக்குப் போனது. மறுநாள் ஊர்ச்சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "குராஹாஷி ஐயா வீட்டையே பெண்களுக்கு எழுதி வச்சுட்டாராமே? ஆம்பிளை உடுப்பையும் அவங்கதான் கட்டறாங்களா?" என்றார். சபை முழுக்கச் சிரித்தது. கின்பெய் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மினே பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அவள் உடுப்புகளை ஒரு மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். நோபுவை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். "யார் எடுக்கச் சொன்னது?" என்று கின்பெய் கேட்டாராம். "நானேதான் எடுத்தேன்" என்று மினே சொன்னாளாம். இசோ எடுக்கச் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முடிக்காரி மேல் பழியைப் போட்டு விட்டிருப்பார்களோ என்னவோ. இனி அவள் அந்த வீட்டுக்காரி இல்லை என்று, குடும்பப் பதிவேட்டில் அவள் பெயரின் மேல் குறுக்கே இரண்டு கோடு விழுந்தது. கின்பெய் புது முத்திரை செய்து பதிவு செய்துகொண்டார்.

பிறந்த வீட்டில் அண்ணனிடம் பத்து நாள்தான் இருக்க முடிந்தது. பதினோராம் நாள் மினே மூட்டையோடு இசோவின் கடைக்கு வந்து நின்றாள்.

"மாடி ரூம் சும்மாத்தானே இருக்கு இசோக்கா?"

இசோ அழுது தீர்த்தாள். மினேதான் அடுப்பைப் பற்றவைத்து, மீன் சுட்டு, அவளைச் சாப்பிட வைத்தாள்.

அந்த மாடி அறையில் மினே பதினெட்டு வருஷம் இருந்தாள். முடி கட்டக் கற்றுக்கொண்டாள். இசோவுடன் பனியில் இறங்கி, மூன்று மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுக்கும் மனுவோடு நடந்தாள். இசோ சத்தம் போடுவாள்; கதவு சாத்தப்படும். பிறகு மினே போய் அதே கதவைத் தட்டி, "குழந்தை இருக்காம்மா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்பாள், கதவு திறக்கும். போலீஸ்காரர் கூட்டத்தில் வந்து உட்கார்ந்து முறைத்தால், அவருக்கும் ஒரு கோப்பை டீ கொண்டுபோய் வைப்பாள். இசோ அவளுக்குச் சின்னதாக ஒரு மர முத்திரை செய்து கொடுத்தாள். வீட்டுப் பெயர் இல்லாமல் 'மினே' என்று மட்டும் செதுக்கியது. ஒவ்வொரு வருஷ மனுவிலும் முதல் முத்திரை அதுவாகத்தான் இருக்கும்.

தந்த முத்திரையைப் பற்றி அந்தப் பதினெட்டு வருஷத்தில் மினே ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. இன்றைக்குத் திட்டுவாள், நாளைக்குத் திட்டுவாள் என்று இசோ காத்துக்கொண்டே இருந்தாள். வாய் ஓயாத இசோவுக்கும் அந்த ஒரு விஷயத்தில் மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை.

குராஹாஷி வீடு இசோவின் கடையில் இருந்து நூறு தப்படி. மினே மூன்று முறை அந்த வாசலுக்குப் போனாள். மூன்று முறையும் மாமியார் வெளியே வந்து, தீட்டுக் கழிக்கிற மாதிரி அவள் காலடியில் உப்பை வீசினாள். அதன் பிறகு பள்ளிக்கூட விளையாட்டு நாளன்று வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. "ஓட்டத்துல நாலாவதா வந்தா இசோக்கா. பின்னால முடி தூக்கிக்கிட்டு நிக்குது, யாரும் சரியா வாரி விடறதில்ல போல" என்று வந்து சொல்வாள்.

1931இல் ஊராட்சித் தேர்தல்களில் மட்டும் பெண்களுக்கு ஓட்டு என்று ஒரு மசோதா கீழ்ச்சபையைத் தாண்டியது. விசேஷ நாளில் ஆக்குகிற மாதிரி பயறு போட்டுச் சிவப்புச் சோறு ஆக்கி, தெரு முழுக்கக் கொடுத்தாள் இசோ. இரண்டு வாரத்தில் மேல்சபைப் பிரபுக்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். பிறகு போர் வந்தது. சங்கத்தை மூடினார்கள். கொண்டை போடுவது ஆடம்பரம் என்றார்கள். கடையிலும் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. 1943 மாசியில் மினே நெஞ்சு நோயில் படுத்தாள். கடைசி வாரத்தில் ஒரு நாள் பகலில், விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள்.

"நோபுவுக்கு இருபது ஆயிடுச்சு இசோக்கா. ஓட்டு வந்தா அவளுக்கும் உண்டு."

அவ்வளவு சொன்னாள். நாலாம் நாள் போய்விட்டாள்.

போரில் தோற்ற மறு வருஷம், 1946 ஏப்ரல் பத்தாம் தேதி, பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்த நாட்டுக்காரர்கள் உத்தரவால்தான் வந்தது என்பார்கள், அது எப்படியோ போகட்டும், கைக்கு வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தில் சீட்டில் வேட்பாளர்கள் இரண்டு பேர் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டும். எழுதத் தெரியாத பெண்களுக்கு ஒரு மாதமாக இசோ கடையில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். "வீட்டுல சொன்ன பேரை எழுதாதீங்கடி, உங்களுக்குப் பிடிச்ச பேரை எழுதுங்க" என்று தொண்டை கட்டும் வரை சொன்னாள். அறுபது வயதாகியிருந்தது அவளுக்கு.

அன்றைக்குக் காலையில் கடையில் கூட்டம். திருவிழாவுக்குப் போகிற மாதிரி முடி கட்டிக்கொண்டுதான் ஓட்டுப் போடப் போவோம் என்று பெண்கள் பிடிவாதமாக வந்து உட்கார்ந்தார்கள். கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு பெண் தலைத்துணியோடு வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். இசோ துணியை அவிழ்த்து, முடியை மேலே தூக்கினாள். பிடரியில் இரட்டைச் சுழி.

சீப்பு கையிலேயே நின்றது.

"குராஹாஷி வீட்டு நோபு," என்றாள் அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தபடி. "அப்பாவுக்குத் தெரியாம வந்தேன். எங்கம்மா இங்கதான் இருந்தாங்களாமே?"

"மாடியில. பதினெட்டு வருஷம்."

"நூறு தப்படி. பதினெட்டு வருஷத்துல நூறு தப்படி நடக்க முடியலையா அவங்களால?"

"நடந்தாங்கம்மா. மூணு தடவை. உங்க பாட்டி உப்பு வீசினாங்க."

நோபுவுக்கு இருபத்து மூன்று வயது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் தெற்குக் கடலில் கப்பலோடு முழுகிப் போனான். அப்பாவுக்கு ஆக்கிப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"அவளுக்கு உன்னைவிட ஓட்டுதான் பெருசு, அதான் விட்டுட்டுப் போயிட்டாள்னு அப்பா சொல்வார். வீட்டு முத்திரையைத் திருடினவள்னு பாட்டி சொல்வாங்க. சின்ன வயசுல அந்த முத்திரைய நான் எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

இசோ சீப்பைக் கீழே வைத்தாள். கண்ணாடிக்குள் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "உங்கம்மா மர முத்திரையத்தான் எடுத்தாங்க. பெருச எடுங்கன்னு சொன்னது நான். ஒரு தடவை தொட்டா தேஞ்சா போயிடும்னு கேட்டதும் நான். சுவத்துல ஒட்டி ஊருக்கெல்லாம் காட்டினதும் நான்தான். உங்கப்பா கேட்டப்போ என் பேரை அவங்க சொல்லல."

"அம்மா உங்களைத் திட்டினாங்களா?"

"ஒரு நாளும் இல்ல. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சமாச்சும் பாரம் இறங்கியிருக்கும்."

"இதை அவங்க உயிரோட இருக்கும்போது வந்து சொல்லியிருக்கக் கூடாதா? என் கல்யாணத்தன்னிக்காவது? எங்க வீட்டு முன்னாடி நின்னு ஒரு சத்தம் போட்டிருந்தா போதுமே. ஊரெல்லாம் போய்ச் சத்தம் போட்டீங்களே!"

"பயம்மா."

"போலீஸுக்கே பயப்படாதவங்கன்னுல்ல உங்களைச் சொல்றாங்க?"

"இது வேற பயம். சொன்னா உங்கப்பா திரும்பக் கூப்பிட்டுக்குவாரோ, உங்கம்மாவும் என்னை விட்டுப் போயிடுவாங்களோன்னு."

நோபு கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "கட்டி முடிங்க. நேரமாச்சு," என்றாள்.

இசோ எண்ணெய் தொட்டு, அந்த இரண்டு மயிரையும் அடக்கிக் கொண்டையைக் கட்டினாள். மினேவுக்குச் செய்த அதே அரை மணி. எழுந்தபோது நோபுவின் இடுப்புக் கச்சையில் இருந்து ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது. அதில் கின்பெய் கையெழுத்தில் இரண்டு ஆண்களின் பெயர். "இதைப் பார்த்து எழுதணுமாம்," என்றாள் நோபு. ஊரெல்லாம் போதித்த இசோவுக்கு, இவளிடம் மட்டும் எழுதாதே என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வாள்? அலமாரியைத் திறந்து மினேவின் மர முத்திரையை எடுத்து நீட்டினாள். நோபு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வீட்டுப் பேரு இல்லையே?"

"எந்த வீடும் இல்லையே அவங்களுக்கு."

நோபு அதை வாங்கிக் கச்சைக்குள் வைத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் மத்தியானம் தொமே மூச்சிரைக்க வந்தாள். அவளுக்கும் வயதாகிவிட்டது, வாய்க்கு மட்டும் ஆகவில்லை. அவள் புருஷன் ஓட்டு எண்ணுகிற இடத்தில் இருந்துவிட்டு வந்திருந்தான்.

"அக்கா, ஒரு சீட்டுல முதல் வரி காலியாம். ரெண்டாவது வரியில 'குராஹாஷி மினே'ன்னு எழுதியிருந்துச்சாம்! அப்படி ஒரு ஆள் தேர்தல்ல நிக்கவே இல்லையே!"

இசோ எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எண்ணிக்கைக்குச் சாட்சியா யார் உட்கார்ந்திருந்தா தெரியுமா? கின்பெய் ஐயா! சீட்டு அவர் கைக்குப் போச்சாம். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாராம். பொண்ணு எழுத்து அப்பாவுக்குத் தெரியாதா? அப்புறம் செல்லாதுன்னு சொல்லிட்டு, செல்லாத ஓட்டுப் பட்டியல்ல தன் முத்திரையக் குத்தினாராம்."

"எழுத்து எப்படி இருந்துச்சாம்?"

"அழுத்தி எழுதியிருந்துச்சாம். பென்சில் முனை காகிதத்தைக் கிழிச்சுட்டுதாம். ஏன்க்கா கேக்குறீங்க?"

இசோ எழுந்தாள். இருபத்தோரு வருஷம் கழித்து மினேவின் பெயரோடு அந்த வீட்டின் பெயரை ஒருத்தி சேர்த்து எழுதிவிட்டாள். மினே பெற்ற பெண்ணே எழுதிவிட்டாள்.

"மினே! அடியே மினே, கேட்டியா?" என்று கூப்பிட்டபடி மாடிப்படி ஏறினாள். மூன்று படி ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, கீழே தொமே நிற்கிறாள் என்பதையும் பாராமல், வாய்விட்டு அழுதாள்.